திருவொற்றியூர் பலூனிலிருந்து தேர்வாய் ரேடியல் வரை: லாரி டயரைச் சாலைதான் தேர்ந்தெடுத்தது



இந்த மாதம் இரண்டு பேர் ஒரே கேள்வியை இரண்டு மூலையிலிருந்து கேட்டார்கள். கும்மிடிப்பூண்டியில் சொந்த லாரி வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், "சார், டெல்லிக்குக் கம்பி லோடு. அங்கிருந்து முதல் தடவையா காஷ்மீர் போய் ஆப்பிள் ஏத்திட்டு வரப் போறேன். மழை, பனி, மலை எல்லாம் இருக்காம். புது டயர் போடணும், எது போடட்டும்?" என்று குரல் பதிவு அனுப்பினார். கனடாவில் டிரக் ஓட்டும் உறவுக்காரப் பையன் ஒரு டயரின் பக்கவாட்டைப் படம் எடுத்து அனுப்பி, "மாமா, மூணு சிகரம் வச்ச மலை, நடுவுல ஒரு பனிப்பூ. இந்த முத்திரை நம்ம ஊர் லாரி டயர்ல ஏன் இல்ல?" என்று கேட்டான்.

வரலாறு நடத்தின வாத்தியாரிடம் டயர் கேட்பதா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்தியாவில் டயரின் வரலாற்றை எழுதினால் அதில் பல பக்கம் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கே போகும். திருவொற்றியூர், அம்பத்தூர், எண்ணூர், கடைசியாகக் கும்மிடிப்பூண்டி வட்டத்துத் தேர்வாய் கண்டிகை. (திருவொற்றியூரும் அம்பத்தூரும் இப்போது சென்னை மாவட்டம். 1997-இல் திருவள்ளூர் மாவட்டம் பிறந்தபோது நம்மோடுதான் இருந்தன.) அந்த வரலாற்றைச் சொன்னாலே இரண்டு கேள்விக்கும் பதில் வந்துவிடும். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒரு அடிப்படை. ஜான் பாய்ட் டன்லப் பெல்ஃபாஸ்ட் நகரில் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கியது 1888-இல். சைக்கிளுக்காக வந்த பொருள் அது. பிறகு காருக்கும் லாரிக்கும் பரவியது. இந்தியாவில் டயர் தொழிற்சாலை என்றால் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் டன்லப் நிறுவனம் சாகாகஞ்ச் என்ற இடத்தில் 1936-இல் தொடங்கியது. ரப்பர் மரம் பக்கத்திலேயே கேரளத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து பயிராகிக்கொண்டிருந்தது. ஆனால் டயரின் வடிவம், பட்டனின் வெட்டு, ரப்பரின் கலவை மூன்றும் வெளிநாட்டில் தீர்மானமாகி வந்தன. வெளிநாட்டுச் சாலையை மனதில் வைத்துத் தீர்மானமானவை.

இரண்டாம் உலகப்போர் ஒரு பாடம் நடத்தியது. 1942-இல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும் உலகத்தின் பெரிய ரப்பர் ஊற்று அடைபட்டது. புது டயர் கிடைப்பது குதிரைக் கொம்பாகிவிட்டது. தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் ஒட்டி ஓட்டும் ரீட்ரேடிங், நம் ஆட்கள் வாயில் ரீபட்டன், அப்போதுதான் ஒரு தொழிலாக முக்கியம் பெற்றது. டி.வி.எஸ். நிறுவனத்தின் சுந்தரம் அய்யங்கார் பெட்ரோல் பஞ்சத்துக்குக் கரி வாயுக் கருவி செய்து பஸ் ஓட்டியதைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ரீட்ரேடிங் தொழிற்சாலையும் அவர் தொடங்கினார்.

இந்தப் பின்னணியில்தான் திருவொற்றியூர் வருகிறது. 1946-இல் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை என்ற இளைஞர் அங்கே ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். திருவிதாங்கூர் சமஸ்தானத்தோடு மோதி வங்கியையும் பத்திரிகையையும் இழந்த குடும்பம் அவருடையது. சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1949-இல் தம்புச் செட்டித் தெருவில் சின்ன அலுவலகம். 1952-இல் பலூனை விட்டு வேறொரு பொருளுக்கு வந்தார். அது டயர் இல்லை, டயர் தேய்ந்தபின் மேலே ஒட்டும் டிரெட் ரப்பர். நாலே வருடத்தில், 1956 வாக்கில், நாட்டின் டிரெட் ரப்பர் சந்தையில் பாதி அவர் கையில் இருந்தது.

இந்த வரிசையைக் கவனியுங்கள். மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்., டயர் செய்யுமுன்பு பல வருடம் தேய்ந்த டயரோடு பழகியது. ரீட்ரேடிங் கடைக்கு வரும் ஒவ்வொரு டயரும் தான் ஓடிய சாலையை உடம்பில் எழுதிக்கொண்டுதான் வரும். நடுவில் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஓரம் தேய்ந்திருந்தால் காற்று குறைவு, அல்லது லோடு அதிகம். ஒரே பக்கம் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் சரியில்லை. பக்கவாட்டில் வெட்டு என்றால் கல் ரோடு. அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் டயர் வாங்கும்போது ஏமாற மாட்டார்.

நம் மாவட்டத்தின் இன்னொரு மூலையில் 1959-இல் அம்பத்தூரில் டன்லப் தன் இரண்டாவது இந்தியத் தொழிற்சாலையைத் திறந்தது. அந்தத் தொழிற்சாலையின் நல்ல காலம் முடிந்து பல வருடமாகிறது. பெயர் மட்டும் பஸ் நிறுத்தத்தில் மிஞ்சியிருக்கிறது.

1961 நவம்பர் 5 அன்று திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்.பின் முதல் டயர் வெளிவந்தது. தொழில்நுட்பம் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மான்ஸ்ஃபீல்டு கம்பெனியுடையது. அங்கேதான் சிக்கல். அமெரிக்க நெடுஞ்சாலைக்கு ஏற்ற அந்தத் தொழில்நுட்பம் நம் சாலைக்கு ஒத்துவரவில்லை. டயரில் குற்றமில்லை. அது பார்த்த சாலை வேறு. அளவான லோடு, சமமான தளம், மிதமான வெயில் என்று எழுதிய கணக்கில், பத்து டன் வண்டியில் பதினைந்து டன் ஏற்றிக்கொண்டு, மே மாத வெயிலில், தார் பாதி ஜல்லி பாதி ரோட்டில் ஓடும் நம் லாரியை யாரும் சேர்க்கவில்லை. ஆகவே கலவையையும் கட்டமைப்பையும் இங்கேயே ஆராய்ந்து மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த நாளில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. விளம்பரக்காரர் அலீக் பதம்சி எம்.ஆர்.எஃப்.புக்கு விளம்பரம் செய்யப் போகுமுன் லாரி ஓட்டுநர்களைப் போய்க் கேட்டார், டயரில் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று. பலமாக இருக்கணும், முரட்டுத்தனமாகத் தாங்கணும் என்பதுதான் அவர்கள் பதில். அதிலிருந்து 1964-இல் பிறந்தவர்தான் டயரைத் தலைக்கு மேலே தூக்கி நிற்கும் அந்தப் பயில்வான். உங்களில் பாதிப் பேர் வகுப்பில் நோட்டு அட்டையில் அவரை வரைந்தவர்கள்தான்! 1967-இல் எம்.ஆர்.எஃப். அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி செய்தது. அமெரிக்காவுக்கு டயர் அனுப்பிய முதல் இந்திய நிறுவனம் அது.

அடுத்து 1978-இல் சூப்பர்லக்-78 என்ற கனரக லாரி டயர். பல வருடம் நம் நெடுஞ்சாலைகளில் அதிகம் ஓடிய லாரி டயர்களில் அது ஒன்று. லக் என்றால் டயரின் ஓரத்திலிருந்து நடு நோக்கிப் போகும் கனமான குறுக்குக் கட்டிகள். இழுவைச் சக்கரத்தில், அதாவது பின்னால், இவை மண்ணைக் கடித்து வண்டியைத் தள்ளும். முன் சக்கரத்துக்கு நேர்மாறு. அங்கே நீளவாட்டில் ஓடும் ரிப் கோடுகள் வேண்டும். ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்பதும் தண்ணீர் வழிந்தோடுவதும் அந்தக் கோடுகளால்தான். "முன்னால ரிப், பின்னால லக்" என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது வெறும் பழக்கமில்லை, இயற்பியல்.

அந்தக் காலத்து டயரின் உடம்பு நைலான் குறுக்குப்பின்னல். நூல் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று பாய் முடைந்ததுபோல் சாய்வாகக் குறுக்கிடும். பக்கவாட்டுத் தடிமன் அதிகம். கல் வெட்டினாலும் தாங்கும், அதிக லோடையும் ஓரளவு பொறுக்கும். ஆனால் அடுக்குகள் ஒன்றோடொன்று உரசிச் சூடாகும், டீசலைத் தின்னும். நம் சாலை மோசமாக இருந்தவரை இந்த விலையைக் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது.

சாலையிலிருந்து டயர் பிறக்கும் இதே கதை, நமக்கு நேரெதிரான ஒரு தேசத்தில் இன்னும் முப்பது வருடம் முன்பே நடந்திருக்கிறது. பின்லாந்து. ஆண்டில் பல மாதம் பனி மூடிக் கிடக்கும் நாடு. பனியில் லாரி நகராது, சங்கிலி கட்டினால் வேகம் போகாது. அங்கே நோக்கியா ஊரில் இருந்த ரப்பர் தொழிற்சாலை 1934-இல் 'கெலிரெங்காஸ்' என்று ஒரு டயர் செய்தது. வானிலை டயர் என்று பொருள். உலகத்தின் முதல் பனிக்கால டயர் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அது காருக்காகச் செய்ததில்லை, லாரிக்காகச் செய்தது. காருக்கான பனி டயர் இரண்டு வருடம் கழித்து 1936-இல் வந்தது. (ஆமாம், நம் எல்லார் கையிலும் ஒரு காலத்தில் இருந்த நோக்கியா போனும் அந்த ஊர்ப் பெயர்தான்.)

பனி டயர் என்றால் என்ன வித்தியாசம்? மூன்று விஷயம்.

ஒன்று, ரப்பர். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து போகும், நல்லெண்ணெய் உறையாது. ரப்பர் கலவையும் அப்படித்தான், ஒவ்வொன்றுக்கும் இறுகும் வெப்பநிலை வேறு. சாதாரண கார் டயர் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே போகப் போக விறைக்கும், சாலையைப் பிடிக்காது. பனி டயரில் குளிரிலும் இளகியிருக்கும் கலவை போடுகிறார்கள். இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி பக்கத்தில்தான் கண்ணாடிபோல் இறுகும். அதனால் அதன் பங்கு கூடும், சிலிக்காவும் சேர்ப்பார்கள்.

இரண்டு, கீற்று. டயர்ப் பட்டனில் பிளேடால் கீறினதுபோல் மெல்லிய வெட்டுகள் இருக்கும். சைப் என்று பெயர். 1923-இல் அமெரிக்காவில் ஜான் சைப் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒவ்வொரு கீற்றின் விளிம்பும் வழுக்கும் தரையைச் சுரண்டிப் பிடிக்கும். ஈரத் தார் ரோட்டிலும் இது உதவும்.

மூன்று, பள்ளம். ஆழமான பள்ளத்தில் பனி புகுந்து நெருங்கி உட்காரும். பனியோடு பனி நன்றாகப் பிடித்துக்கொள்ளும். குழந்தைகள் பனி உருண்டை பிடிப்பதைப் படத்தில் பார்த்திருப்பீர்களே, அதே தத்துவம்.

கனடாப் பையன் கேட்ட மலை முத்திரை 1999-இல் வட அமெரிக்காவில் வந்தது. பனியில் ஓட்டிச் சோதித்து, குறிப்பிட்ட இழுவை காட்டிய டயருக்கு மட்டும் அதைக் கொடுப்பார்கள். அதற்கு முன்பிருந்தே 'எம் பிளஸ் எஸ்' என்று ஒரு எழுத்துக் குறி உண்டு, சேறும் பனியும் என்று அர்த்தம். அது பள்ளங்களின் வடிவத்தை மட்டும் பார்த்துப் போடுவது. பனியில் ஓட்டிப் பார்த்ததற்கான உறுதி அதில் இல்லை. எனவே தம்பி, கடைக்காரர் எழுத்தைக் காட்டினால் மலை எங்கே என்று கேள். அங்கே கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் பனிக்காலத்தில் கார்களுக்குப் பனி டயர் சட்டப்படியே கட்டாயம். மேற்கே பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைச் சாலைகளில் கனரக லாரிகள் சங்கிலி வைத்திருக்க வேண்டும்.

சரி, நம் லாரி டயரில் அந்த முத்திரை ஏன் இல்லை? கும்மிடிப்பூண்டியில் கிளம்பும் லாரி ஆயிரம் கிலோமீட்டருக்கு 40 டிகிரி வெயிலில் ஓட வேண்டும். பனிக்கான இளகிய ரப்பரை அந்த வெயிலில் ஓட்டினால் பென்சில் அழிப்பான் மாதிரி தேய்ந்துவிடும். நாட்டின் பெரும்பகுதிக்குப் பனி கிடையாது. பனி இருக்கும் கொஞ்ச தூரத்துக்காகப் பத்து டயரை மாற்ற எந்த முதலாளிக்கும் கட்டுப்படியாகாது. ஆறுதலான ஒரு விஷயம் உண்டு. லாரி டயரில் கார் டயரைவிட இயற்கை ரப்பர் அதிகம். சூடு குறைவாக ஏறட்டும், வெட்டுத் தாங்கட்டும் என்று சேர்ப்பது, குளிரிலும் ஓரளவு கை கொடுக்கிறது.

இந்தியாவில் பனிச் சாலையின் கதை பெரும்பாலும் ராணுவத்தின் கதை. எல்லைச் சாலைகள் அமைப்பு 1960 மே மாதம் உருவானது. 1962 சீனப் போர் லடாக் வரை லாரி ஏறிப்போக வேண்டிய அவசியத்தை எல்லாருக்கும் புரியவைத்தது. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் வழியில் ஜோஜிலா கணவாய் 3,500 மீட்டருக்கு மேலே. நெடுங்காலம் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக் கிடந்த வழி. அதனால் கோடையிலேயே குளிர்காலத்துக்கான அரிசி, எண்ணெய், குண்டு எல்லாம் லாரி லாரியாக மேலே போய்ச் சேர வேண்டும். அந்த லாரிகளில் பெரும்பங்கு அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்'. அந்தக் கம்பெனியின் மூலவேர் நம் எண்ணூர்தான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. எண்ணூர்க் கடற்கரையில் வேர்விட்ட பெயர் ஜோஜிலாவில் ஏறுகிறது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ராணுவ லாரியிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. நான்கு சக்கரமும் இழுக்கும் பல லாரிகளில் பின்னால் இரட்டைச் சக்கரம் இருக்காது, ஒற்றை அகலச் சக்கரம்தான். முன் சக்கரம் சேற்றிலோ மணலிலோ பனியிலோ போட்ட தடத்திலேயே பின் சக்கரமும் வரும், புதுத்தடம் வெட்டும் சிரமம் இல்லை. நம் லாரியில் இரட்டைச் சக்கரத்துக்கு நடுவே கல் சிக்கும், சேறு அடைக்கும். ஆஃப் ரோடு போய் வந்தால் முதல் வேலையாக அந்த இடுக்கைப் பாருங்கள்.

காஷ்மீர்ச் சாலையில் 1956-இல் திறந்த பனிஹால் ஜவாஹர் சுரங்கமும் 2021-இல் வந்த புதுச் சுரங்கமும் பனியின் கடுமையைக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் பனி, மண்சரிவு என்று சாலை மூடி, ஆப்பிள் லாரிகள் நாள் கணக்கில் நிற்பது ஒவ்வொரு வருடமும் செய்தியில் வருகிறது. அங்கே போகிறவர் பனி டயர் தேட வேண்டாம். பின்னால் பட்டன் ஆழமாக உள்ள டயர், பெட்டியில் ஒரு ஜோடி சங்கிலி, இந்த இரண்டும் போதும். இறுகிய ஐஸ்கட்டி மேலே எந்த ரப்பரும் முழுதாகப் பிடிக்காது, சங்கிலிதான் பிடிக்கும். அமெரிக்காவில் 1904-லேயே ஹாரி வீட் என்பவர் சக்கரச் சங்கிலிக்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருடத்துக்கு மேலாகியும் அதற்கு மாற்று வரவில்லை. சாலை மூடியிருந்தால் மூடியதுதான். ஆப்பிள் அழுகினால் நஷ்டம், அவ்வளவுதான். வீட்டில் காத்திருப்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

பனி நமக்குத் தூரம். மழை வாசலில். ஐப்பசி, கார்த்திகையில் ஜி.என்.டி. ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், கவரைப்பேட்டை தாண்டினால் சில நாள் ரோடு எது ஏரி எது என்று தெரியாது. வேகமாகப் போகும் டயருக்கு முன்னால் தண்ணீர் ஆப்புபோல் சேரும். பள்ளங்கள் அதை வெளியே தள்ளும்வரை ரப்பர் ரோட்டைத் தொடும். தள்ள முடியாதபோது டயர் தண்ணீர் மேலேயே மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத மாதிரி. லோடு உள்ள லாரியின் எடையும் காற்றழுத்தமும் இதை எளிதில் நடக்கவிடாது. லோடு இறக்கிவிட்டு வெறும் வண்டியாக வரும்போதுதான் ஆபத்து. எடை குறைந்ததும் டயர் ரோட்டில் பதியும் தடம் சிறுத்துவிடும், மிதப்பது சுலபமாகிவிடும். "லோடு இல்ல சார், காலி வண்டி" என்று தைரியமாக மிதிக்கும் தம்பிகள் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

நம் மோட்டார் வாகன விதிப்படி லாரி டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு தீக்குச்சியின் தடிமன்கூட இல்லை அது. அமெரிக்காவில் கனரக வண்டியின் முன் டயருக்கு மட்டும் இதைப்போல் இரண்டு மடங்கு, சுமார் 3.2 மில்லிமீட்டர் கேட்கிறார்கள். பின்னால் ஒன்று போனால் பக்கத்தில் இன்னொன்று தாங்கும், முன்னால் போனால் தாங்க ஆளில்லை. மழைக்காலத்துக்கு முன் முன் டயரை மாற்றுவதும், ரீபட்டன் டயரை முன்னால் போடாமல் இருப்பதும் இதனால்தான்.

ஆஃப் ரோடு என்றால் விளம்பரத்தில் இமயமலையைக் காட்டுகிறார்கள். நமக்கு அது வள்ளூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றும் இடம், ஊத்துக்கோட்டைப் பக்கத்துச் செங்கல் சூளை, கல் குவாரி. மூன்றுக்கும் ஒரே டயர் சரிவராது. சேறும் சாம்பலும் பள்ளத்தை அடைத்தால் டயர் மொட்டையானதற்குச் சமம். அதனால் கட்டிகளுக்கு நடுவே அகல இடைவெளி வேண்டும், சுற்றும்போது சேறு தானே தெறித்து விழும். குவாரியில் அந்த அகல இடைவெளியில் கல் புகுந்து அடியை வெட்டும். அங்கே நெருக்கமான கட்டி, வெட்டுத் தாங்கும் ரப்பர், தடித்த பக்கவாட்டு. இன்றும் குவாரி டிப்பரில் நைலான் டயர் அதிகம் இருப்பதற்குப் பழக்கம் மட்டும் காரணமில்லை.

பிறகு நெடுஞ்சாலையில் எப்படி ரேடியல் வந்தது? டயர் மாறுமுன் சாலை மாறியது. மிஷெலின் என்ற பிரெஞ்சுக் கம்பெனி ரேடியலுக்கு 1946-லேயே காப்புரிமை வாங்கி, 1952-இல் லாரிக்கும் கொண்டுவந்துவிட்டது. அதில் நூல்கள் குறுக்கிடாமல் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடும், மேலே எஃகு இழைப் பட்டைகள். சூடு குறைவு, டீசல் மிச்சம், கிலோமீட்டர் அதிகம், ரீபட்டனும் நன்றாக ஏறும். ஆனால் பக்கவாட்டு மெல்லிசு, அதிக லோடு பிடிக்காது, குண்டு குழி பிடிக்காது. அதனால்தான் ஐம்பது வருடம் நம் லாரியில் ஏறவில்லை. தங்க நாற்கரச் சாலைத் திட்டம் தொடங்கி, சென்னை–கொல்கத்தாச் சாலை கும்மிடிப்பூண்டி வழியாக நான்கு வழியானபின் நிலைமை மாறியது. அன்று மிகக் கொஞ்சமாக இருந்த லாரி ரேடியல் இன்று ஏறக்குறையப் பாதிச் சந்தை.

அந்த மாற்றத்தைக் கணக்குப் போட்டுத்தான் மிஷெலின் 2009-இல் தமிழக அரசோடு 4,000 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டது. இடம், தேர்வாய் கண்டிகை சிப்காட். இப்போது நீர்த்தேக்கமும் வந்திருக்கிறதே, அதே ஊர். லாரி, பஸ் ரேடியல் அங்கே உருவாகிறது.

இந்த இடத்தில் நான் மௌனமாகத் தாண்டிப் போக மாட்டேன். சிப்காட்டுக்காக எடுத்த 1,100 ஏக்கருக்கு மேலான நிலம் அந்த ஊர் மக்கள் காலம் காலமாக மாடு மேய்த்த காடு. பெரும்பான்மை தலித் மக்கள் வாழும் ஊர். காட்டு வழியாக ஏரிக்கு வரும் தண்ணீர், விறகு, மூலிகை எல்லாம் அதில் அடக்கம். மக்கள் போராடினார்கள், கைதானார்கள், நீதிமன்றம் போனார்கள். 2012-இல் ஊர்ச் சங்கமும் நில உரிமை அமைப்பும் பிரெஞ்சுத் தொழிற்சங்கம் ஒன்றும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து பாரிஸில் பன்னாட்டு நிறுவன நெறிகளைக் கவனிக்கும் அமைப்பிடம் புகார் கொடுத்தார்கள். 2013 செப்டம்பரில் வந்த அதன் அறிக்கை, சுற்றுவட்டார மக்கள்மீதான தாக்கத்தை இன்னும் முழுமையாக ஆராயும்படி நிறுவனத்துக்குப் பரிந்துரைத்தது. வேலை கிடைத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், மேய்ச்சல் இழந்த குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படித்தவர்கள்தான். டயரின் விலையை ரூபாயில் மட்டும் எழுதினால் வரலாறு பாதிதான் எழுதினதாகும்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். கடைக்குப் போகுமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் சாலை. மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் நான்கு வழிச் சாலை, எத்தனை மண், எத்தனை மலை? பெரும்பகுதி எதுவோ அதற்கு டயர் வாங்குங்கள். சிறுபகுதிக்குச் சங்கிலியும் நிதானமும்.

இரண்டாவது லோடு. உண்மையான லோடை எழுதுங்கள், பில்லில் உள்ளதை அல்ல. ரேடியல் போட்டுவிட்டு அதிக லோடு ஏற்றினால் பக்கவாட்டு வெடிக்கும்.

மூன்றாவது இடம். முன்னால் ரிப், புதுசு. பின்னால் லக் அல்லது கட்டிப் பட்டன். ஒரே அச்சில் நைலானையும் ரேடியலையும் கலக்காதீர்கள். இரட்டைச் சக்கரத்தில் புதுசையும் தேய்ந்ததையும் ஜோடி சேர்க்காதீர்கள். உயரமானது எல்லா எடையையும் சுமந்து முதலில் போகும்.

நான்காவது காற்று. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது கேஜ் வைத்துப் பாருங்கள். கம்பியால் தட்டிச் சத்தம் கேட்பது போதாது. மணலுக்காகக் காற்று இறக்கினால், தார் ரோடு ஏறியவுடன் நிரப்புங்கள்.

ஐந்தாவது வயது. பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். கடையில் பளபளப்பாக இருந்தாலும் பழைய ரப்பர் பழைய ரப்பர்தான்.

காஷ்மீர் போகும் தம்பிக்கு என் பதில்: சூரத்திலோ நாக்பூரிலோ டயர் மாற்றப் போவதில்லை. எனவே நெடுஞ்சாலை ரேடியல், முன்னால் புது ரிப், பின்னால் ஆழமான பட்டன், சங்கிலி ஒரு ஜோடி. சங்கிலி மாட்டுவதை வீட்டு வாசலில் ஒரு தடவை பழகிவிட்டுக் கிளம்பு. விரல் விறைத்துப்போகும் குளிரில் முதல் முறையாகப் பழகாதே.

உங்களில் பலர் இந்த ஐம்பது வருடத்தில் ஓட்டியும், செய்தும், ஒட்டியும் டயரோடு வாழ்ந்தவர்கள். எந்தச் சாலையில் எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, எங்கே கைவிட்டது என்று கீழே எழுதுங்கள். புதிதாக வண்டி எடுக்கும் பிள்ளைகள் படிக்கட்டும். கம்பெனிச் சண்டை வேண்டாம், அனுபவம் மட்டும்.

ஐப்பசி மழை வருகிறது. இரவில் தூங்கி, பகலில் ஓட்டுங்கள். எல்லாரும் நலமாக வீடு வந்து சேருங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்